அமெரிக்காவைக் கோட்டைவிட்டவர் ஓசூர்க் கோட்டையைப் பிடித்தார்!

ஜவளகிரி மேட்டில் கும்பினி ஆட்சி கால் ஊன்றிய கதை

திப்பு சுல்தானிடம் இருந்து ஓசூர்க் கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரத் தளபதி யார் தெரியுமா?

காரன்வாலிஸ் பிரபு.

ஓசூரில் அவர் வென்றார். ஆனால், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் மறுபக்கத்தில் அவர் அடைந்த தோல்வி உலகப் பிரசித்தம். 1781-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில், அவருடைய படை ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரண் அடைந்தது. சரண் அடைய அவர் நேரில்கூட வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, தனக்குக் கீழே இருந்த அதிகாரியை அனுப்பிவிட்டார். அந்தத் தோல்வியோடு பெரும் சண்டை முடிந்தது. 1783-ல் அமெரிக்கா தனி நாடு என்பதை இங்கிலாந்து ஒப்புக்கொண்டது.

தோற்றுப் போனவரை வீட்டில் உட்கார வைக்கவில்லை. 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மைசூர்ச் சண்டைக்கு அவரே படை நடத்தி வந்தார். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். ஜூலையில் ஓசூர் அவர் வசம் ஆயிற்று. சில நாட்களில் ராயக்கோட்டையும் விழுந்தது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மட்டும் மசியவில்லை. நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற கர்னல் முட்டிப் பார்த்தார். அடிவாரத்துப் பேட்டையைப் பிடிக்க முடிந்தது. மேலே இருந்தவர்கள் கல்லை உருட்டிவிட்டார்கள். ஏறியவர்கள் இறங்கிவிட்டார்கள். பிறகு அந்தக் கோட்டை கும்பினிக்குக் கிடைத்தது சண்டையில் அல்ல, சமாதானப் பத்திரத்தில்.

புகையிலை முறிந்தது, பையன் கப்பல் ஏறினான்

அமெரிக்கா போன கதை இந்தச் சீமைக்கு இன்னொருவரையும் கொண்டுவந்து சேர்த்தது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு பட்டணம். அங்கே அலெக்சாண்டர் மன்றோ என்ற வியாபாரி இருந்தார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தோடுதான் அவருக்கு வியாபாரம். அந்த மாகாணத்தின் பெரிய சரக்கு புகையிலை. கிளாஸ்கோ வியாபாரிகள் அதை வாங்கி ஐரோப்பா முழுவதும் விற்றுக் கொழுத்தார்கள். அமெரிக்கர்கள் சண்டைக்குக் கிளம்பியதும், அந்தப் பக்கம் நின்றுபோன பாக்கி வரவில்லை. வியாபாரம் நொடித்தது.

அவர் மகன் பெயர் தாமஸ் மன்றோ. 1761-ல் பிறந்தவன். அப்பன் கடை நொடித்ததால், பிழைப்புத் தேடிக் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்தான். 1780 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினான். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தருமபுரியில் உட்கார்ந்து, குடியானவர்களின் நிலத்துக்கு வரி தீர்மானிக்கும் அதிகாரி ஆனான். பிற்காலத்தில் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஆனதும் இதே ஆள்தான். சென்னைத் தீவுத்திடல் பக்கம், அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

வர்ஜீனியாப் புகையிலைக்கும் தருமபுரிக் கேழ்வரகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம்.

இன்னும் ஒன்று உண்டு. 1773 டிசம்பர் 16-ந் தேதி இரவு, அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் அல்லவா? அந்தத் தேயிலை யாருடையது? சாட்சாத் கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை! "எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போடாதே" என்பதுதான் அமெரிக்கர்களின் சண்டை. அதே கும்பினி, இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில், கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வரி வசூல் செய்ய வந்து நின்றது.

இங்கே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மூன்று படிக்கட்டு

கும்பினி கைக்கு வந்த சீமை எப்படிப்பட்டது?

சேலத்தில் இருந்து ஓசூருக்குப் போகிறவர்கள் இரண்டு தடவை மேடு ஏற வேண்டும். தொப்பூர்க் கணவாயில் ஒரு தடவை. கிருஷ்ணகிரி தாண்டி இன்னொரு தடவை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 அடி. ஓசூர் சுமார் 3,000 அடி. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நடுப் படியில் இருக்கின்றன. வீட்டு வாசலில் படிக்கட்டு இருப்பது போல, நாடே மூன்று படியாக இருக்கிறது.

அந்த மூன்று படிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அடிப் படி தலகாட். நடுப் படி பாராமகால். மேல் படி பாலகாட். 'பாரா' என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட சீமை என்பதால் பாராமகால் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

ஜவளகிரி இருப்பது மேல் படியில். தேன்கனிக்கோட்டைத் தாலுகாவில், தளிக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். அதற்குத் தெற்கே காடு. அந்தக் காடு மேடும் பள்ளமுமாகக் காவிரிக் கரை வரை இறங்குகிறது. மார்கழியில் பல் கிட்டும் குளிர். தளிப் பக்கத்தை வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தார்கள் என்றால், குளிர் எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம்.

படிக்குப் படி வாழ்க்கை மாறியது. அடிப் படியில் சோளம், கம்பு, பருத்தி. சேலத்துத் தறிகளில் நெய்த துணியைக் கும்பினி வாங்கிக் கப்பல் ஏற்றியது. நடுப் படியில் ஏரிக்குக் கீழே நெல். ஏரித் தண்ணீர் எட்டாத இடத்தில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும். மேல் படிக்கு வந்தால் கேழ்வரகுதான் ராஜா. அதற்கு நடுவே சால் விட்டு அவரை. காலையில் கூழ், இரவில் களி. நெல்லுச் சோறு என்றால் பண்டிகை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

உடுப்பும் மாறியது. கீழே பருத்தி வேட்டி போதும். மேலே கம்பளி இல்லாமல் ஆகாது. ஆடு மேய்க்கும் குரும்பர்கள் ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, கறுப்புக் கம்பளி நெய்தார்கள். மழைக்கு அதுதான் குடை. ராத்திரிக்கு அதுதான் படுக்கை. காட்டில் பரண் மேல் உட்கார்ந்து யானை விரட்டுகிறவனுக்கு அதுதான் வீடு.

பேச்சு? கீழே தமிழ். மேலே தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் கலந்து கேட்கும். ஊர்க் கணக்கு எழுதுகிறவர் கீழே கர்ணம், மேலே சானுபோகர். ஊர்த் தலைவர் கீழே மணியக்காரர், மேலே பட்டேல். கொளகம், கண்டுகம் என்று மேல்நாட்டுக்குத் தனி அளவு. இத்தனை விதை பிடிக்கும் நிலம் என்று நிலத்தையே விதையால் அளந்தார்கள். நாணயமும் ஒன்று அல்ல. கும்பினியார் கேட்டது சென்னையில் அடித்த நட்சத்திர வராகன். மேலே புழங்கியது மைசூர்ச் சீமையின் கண்டிராயப் பணம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் சராப்பு வட்டம் பிடித்துக்கொள்வார். வரி கட்டுகிறவன் தலையில் அதுவும் ஒரு வரிதான்.

எல்லை ஏறிய மலை

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சமாதானம் ஆயிற்று. திப்பு பாதி ராஜ்யத்தை விட்டுக்கொடுத்தார். 3 கோடியே 30 லட்ச ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். அதற்குப் பிணையாகத் தன் இரண்டு பிள்ளைகளை அனுப்பி வைத்தார்.

பாராமகால் கும்பினிக்கு வந்தது. பாலகாட் வரவில்லை. சண்டையில் விழுந்த ஓசூர் திரும்பவும் திப்புவிடமே போயிற்று. ஆகவே 1792 முதல் 1799 வரை, நடுப் படிக்கும் மேல் படிக்கும் நடுவே உள்ள மலை விளிம்புதான் இரண்டு ராஜ்யங்களுக்கு எல்லை. விளிம்புக்குக் கீழே கும்பினித் தாசில்தார். மேலே, ஜவளகிரியில், சுல்தானின் ஆமில்தார்.

மலை ஏறி இறங்க அரை நாள். அந்த அரை நாள் நடையில் அரசன் மாறினான், அளவு மாறியது, பணம் மாறியது, வரியும் மாறியது.

பொதி மாடும் லம்பாடியும்

எல்லை இருந்தால் என்ன? உப்பு இல்லாமல் களி இறங்குமா?

கடல் உப்பு கீழே இருந்துதான் வர வேண்டும். தானியம் மேலே இருந்து இறங்க வேண்டும். ரோடு கிடையாது. வண்டி ஏறாது. பொதி மாடுதான் வழி. இந்தப் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் லம்பாடிகள். பெண்டு பிள்ளைகள், நாய்கள், சட்டி பானைகள் எல்லாம் மந்தையோடு போகும். மாடுகளின் முதுகில் உப்பும் தானியமும். வழியில் மேய்ச்சல் கண்ட இடம்தான் அவர்களுக்கு ஊர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்றும் லம்பாடிக் குடும்பங்கள் உண்டு.

அவர்களுடைய பெருமையைக் காரன்வாலிஸ் அனுபவத்தில் தெரிந்துகொண்டார். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அரிகெரே என்ற இடம் வரை படையோடு போய்விட்டார். சண்டையில் ஜெயித்தும் பயன் இல்லை. மழை. தீனி இல்லாமல் மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளை இழுக்க மாடு இல்லை. அவற்றை உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அதன் பிறகுதான் லம்பாடிகளை அழைத்து, நல்ல விலை கொடுத்து, தானியம் கொண்டுவரச் சொன்னார். படையின் வயிறு நிறைந்தது. அடுத்த ஆண்டு அதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் முற்றுகை போட முடிந்தது. சரித்திரப் புத்தகத்தில் பீரங்கிக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. பொதி மாட்டுக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

காட்டுப் பக்கம் மாடு வளர்ப்பே ஒரு தொழில். அஞ்செட்டி, பென்னாகரம், காவிரிக் கரைக் காடுகளில் ஆலம்பாடி மாடு என்று ஒரு இனம் உண்டு. ஒல்லியான உடம்பு. நீண்ட கொம்பு. தீனி கொஞ்சம் போதும், உழைப்பு அதிகம். காட்டுக்குள் பட்டி போட்டு மாடுகளை அடைப்பார்கள். கன்று வளர்ந்ததும் சந்தைக்கு ஓட்டிப் போவார்கள். புலிக்குப் போனது போக மிச்சம்தான் வியாபாரம். புளி, தேன், மெழுகு, மூங்கில் ஆகியவையும் காட்டில் இருந்து வரும். சந்தன மரம் மட்டும் குடியானவனுக்குச் சொந்தம் இல்லை. அவன் கொல்லையிலேயே முளைத்தாலும் அது மைசூர்ச் சீமையில் சுல்தான் சொத்து.

கலகக் காலத்துக்குக் கேழ்வரகு கைகொடுத்தது. தரையில் ஆழமாகக் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, கேழ்வரகைக் கொட்டி, மண்ணால் மூடிவிடுவார்கள். பல வருஷம் பூச்சி அண்டாமல் இருக்கும். படை வருகிறது என்று தமுக்கு அடித்ததும், மூட்டை தூக்க நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆள் காட்டுக்குள்ளே; அரிசி மூட்டை போல் கேழ்வரகு பூமிக்குள்ளே. படை போன பிறகு திரும்பி வந்து தோண்டலாம். நெல்லை நம்பியவனுக்கு இந்த வசதி இல்லை.

அங்கேயும் மூன்று நாடு

அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய கதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இந்தப் படிக்கட்டு விஷயம் இன்னும் நன்றாக விளங்கும்.

1607-ல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் முதலில் கால் ஊன்றினார்கள். 1620-ல் மேபிளவர் என்ற கப்பலில் 102 பேர் வடக்கே போய் இறங்கினார்கள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் அவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வ குடிகள். அதற்குப் பிரதியாக அந்த மக்கள் பின்னாளில் அடைந்தது தங்கள் நிலத்தை இழந்ததுதான்.

கடைசியில் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் ஆயின. எல்லாம் ஒரே ராஜாவுக்குக் கீழே. ஆனால் வாழ்க்கை ஒன்று அல்ல. வடக்கே கல்லுப் பூமி. அங்கே மீன் பிடித்தார்கள், கப்பல் கட்டினார்கள். நடுவே நியூயார்க், பென்சில்வேனியாப் பக்கம் கோதுமை. தெற்கே புகையிலை, அரிசி, அவுரி. தெற்கத்தியப் பண்ணைகளில் ஒரு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பத்துப் பேர் என்றால், வெளியே வயலில் குனிந்து நின்றவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவந்த அடிமைகள். 1619-ல் சுமார் 20 பேரோடு வர்ஜீனியாவில் தொடங்கியது அது. விடுதலைப் போர் மூண்ட சமயத்தில் அடிமைகள் தொகை சுமார் ஐந்து லட்சம் ஆகிவிட்டது. மன்றோவின் அப்பா விற்ற புகையிலையில் அவர்கள் வேர்வையும் இருந்தது.

அடிமை ஏன் வேண்டியிருந்தது? அங்கே நிலம் ஏராளம். உழைக்கக் கை இல்லை. கூலிக்கு வந்தவன் கொஞ்ச நாளில் தானே நிலம் பிடித்துப் போய்விடுவான். பிடித்துக் கட்டிப்போட்டால்தான் ஆள் நிற்பான் என்று பண்ணைக்காரர்கள் நினைத்தார்கள்.

பாராமகாலிலும் அதே நிலைமைதான். சண்டைக்கு மேல் சண்டை நடந்த பூமி. ஊர்கள் காலி. ஏரிகள் உடைப்பு. நிலம் கிடந்தது, ஏர் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் இங்கே ஆளைக் கப்பலில் கொண்டுவர வழி இல்லை. இருக்கிறவனைத் தாஜா செய்துதான் நிறுத்த வேண்டும். தரிசை உழுதால் முதல் சில வருஷத்துக்கு இவ்வளவுதான் வரி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுக்குக் கவுல் என்று பெயர்.

இதனால் இங்கே அடிமைத்தனமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடனுக்கு ஈடாகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தவர்கள் இங்கேயும் உண்டு. மேல்நாட்டில் அதற்கு ஜீதம் என்று பேர். சட்டம் போட்டுக் கொத்தடிமை முறையை ஒழித்தது 1976-ல்தான்.

குடியானவன் கையில் இருந்த ஆயுதம்

அமெரிக்கன் வரியை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தான். சட்டசபையில் பேசினான். பத்திரிகையில் எழுதினான். மலை விளிம்பில் இருந்த குடியானவனுக்கு இது எதுவும் இல்லை. அவனிடம் இருந்தது இரண்டு கால்கள்.

வரி தாங்கவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு, எல்லையைத் தாண்டிவிடுவான். சுல்தான் ஆமில்தார் நெருக்கினால் கீழே. கும்பினித் தாசில்தார் நெருக்கினால் மேலே. இரண்டு பேருக்கும் ஏர் பிடிக்கும் கை வேண்டும். ஆகவே இரண்டு பேரும் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். இந்த எல்லை இருந்த ஏழு ஆண்டுகளில், நாதியற்ற குடியானவனுக்குப் பேரம் பேச ஓர் இடம் இருந்தது.

பாராமகாலை ஆள வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். திருப்பத்தூரில் இருந்தார். அவருக்கு உதவியாக மூன்று பேர்: கிருஷ்ணகிரியில் கிரகாம், சேலத்தில் மக்ளவுட், தருமபுரியில் மன்றோ. நாலு பேரும் பட்டாளத்துக்காரர்கள். சென்னையில் இருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு ஊர்ப் பாஷை தெரியாது என்பதால், காரன்வாலிஸ் இவர்களைப் பொறுக்கி எடுத்தார்.

அதுவரை வரி எப்படி? ஊருக்கு மொத்தமாக இவ்வளவு என்று ஒரு தொகை. அதை ஊர்ப் பெரியவர்கள் பங்கு பிரிப்பார்கள். பெரியவர் நிலத்துக்குக் குறைவு. ஏழை நிலத்துக்கு அதிகம். அல்லது ஒரு குத்தகைக்காரன் நாட்டையே ஏலம் எடுப்பான். ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறப்பான்.

ரீட் வேறு வழி பிடித்தார். சங்கிலி பிடித்து ஒவ்வொரு வயலாக அளக்கச் சொன்னார். நஞ்சையா புஞ்சையா, மண் எப்படி, தண்ணீர் எப்படி என்று பார்த்து, வயலுக்கு இவ்வளவு வரி என்று எழுதினார்கள். இது ஆண்டுக் கணக்கில் இழுத்தது. முதலில் நீண்ட காலக் குத்தகையாகக் கொடுக்கலாம் என்று நினைத்தார். 1796 டிசம்பரில் மாற்றி உத்தரவு போட்டார். குடியானவன் அந்தந்த வருஷத்துக்குத் தன்னால் முடிந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம், முடியாததை விட்டுவிடலாம், உழுத நிலத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். நடுவில் குத்தகைக்காரன் இல்லை. சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நேர் கணக்கு.

இதுதான் ரயத்துவாரி முறை. ரயத்து என்றால் குடியானவன். சென்னை ராஜதானியின் பெரும் பகுதிக்குப் பிற்காலத்தில் பரவிய அந்த முறைக்குத் தொட்டில், மலைக்குக் கீழே இருக்கும் இந்தப் பாராமகால்.

இது தர்ம சிந்தனையில் செய்ததா? அப்படிச் சொல்ல முடியாது. ஓடிப் போகத் தெரிந்த குடியானவனிடம் வேறு விதமாக வசூல் செய்ய முடியாது என்பதும் ஒரு காரணம். எழுதிய வரியும் கனம்தான்.

மலை எல்லை மறைந்தது

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸ் வேலூரில் இருந்து கிளம்பினார். மார்ச்சில் ராயக்கோட்டை வழியாக மலை ஏறிக் கெலமங்கலத்தில் தண்டு இறங்கினார். பல்லாயிரம் மாடுகள் பொதி சுமந்து பின்னால் வந்தன. தேன்கனிக்கோட்டைச் சீமையின் புல் போன இடம் தெரியவில்லை. மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோட்டை வாசலில் திப்பு போரிட்டு மாண்டார்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி எல்லாம் கும்பினிக்கு வந்தன. மூன்று படியும் ஒரே ஜில்லா. குடியானவனுக்கு இருந்த பேரமும் அன்றோடு சுருங்கியது. எல்லை இன்னும் மேலே, மைசூர் மகாராஜா சீமைப் பக்கம் தள்ளிப் போய்விட்டது. அந்த மகாராஜாவும் கும்பினிக்கு அடங்கியவர்.

அதற்குள் மேலிடத்தில் வேறு யோசனை வந்தது. வங்காளத்தில் காரன்வாலிஸ் செய்தது போல, இங்கேயும் நிலையான வரி போட்டு ஜமீன்களாக விற்க வேண்டும் என்றார்கள். 1802 முதல் சேலம் ஜில்லா துண்டு துண்டாக ஏலத்துக்கு வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மிட்டா என்று பெயர். எடுத்தவர் மிட்டாதார். வயல் வயலாக ரீட் எழுதிய கணக்குகள் கட்டிலின் கீழ் போயின. வரி கனம், மழை பொய்த்தது, மிட்டாதார்களில் பலர் பாக்கி விழுந்து நொடித்தார்கள். மிட்டாக்கள் ஒவ்வொன்றாகச் சர்க்காரிடமே திரும்பி வந்தன.

மன்றோ அப்போது ராயலசீமைப் பக்கம் போயிருந்தார். 1807-ல், குடியானவர் வரியில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று அங்கிருந்து சிபாரிசு செய்தார். அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. 1820-ல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்தார். ரயத்துவாரி மறுபடி வந்தது. 1827 ஜூலை 6-ந் தேதி, சுற்றுப்பயணம் போன இடத்தில், பத்திகொண்டா என்ற ஊரில் காலரா கண்டு இறந்தார்.

முறை நல்ல முறை என்றாலும், அதை நடத்துகிறவன் கை எப்படி? 1855-ல் சென்னை ராஜதானியில் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி பாக்கிக்காகக் கீழ் உத்தியோகஸ்தர்கள் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நசுக்குவது கிட்டி. ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து, வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். கால் நடையாக ஓடித் தப்ப வேறு ராஜ்யம் இல்லாத காலத்தில், குடியானவன் பட்ட பாடு அது.

மிஞ்சி இருந்த மிட்டாக்களும் ஜமீன்களும் ஒழிந்தது, 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால். ஜவளகிரிக் காட்டோரத்தில் இன்றும் கேழ்வரகு விளைகிறது. கதிர் முற்றும் சமயத்தில் கர்நாடகப் பக்கம் பன்னர்கட்டாக் காட்டில் இருந்து யானைக் கூட்டம் இறங்கி வருகிறது. 2014-ல் இந்தக் காடு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தது. ராத்திரி முழுவதும் பரண் மேல் தீவட்டியோடு காவல் இருக்கிறார்கள்.